மார்ச் தொடக்கத்தில் எந்த மலை: ஹெல்வெலினா, கேட்பெல்ஸா, ஸ்கிடாவா?

பொடிநடை:
மான்செஸ்டரிலிருந்து எட்டுப் பேர் மார்ச் முதல் வார இறுதியில் வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டுக்குச் சென்று, அங்குள்ள கெஸ்விக் ஊரில் தங்கி, சனிக்கிழமை ஒரு மலை ஏறலாம் என்றிருக்கிறோம். அனைவரும் கோடையில் ஆறேழு மணி நேரம் தளராமல் நடப்பவர்கள். ஆனால் குளிர்காலத்தில் உயரமான மலைக்குச் சென்றவர் ஒருவரும் இல்லை. பனிக்கோடரியோ கிராம்பானோ (பனியில் நடக்கக் காலணியின் அடியில் கட்டும் நீண்ட எஃகு முள்சட்டம்) யாரிடமும் கிடையாது. என் விருப்பம் ஹெல்வெலின், 950 மீட்டர். கிழக்கே உள்ள ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற குறுகிய பாறை முகட்டின் பக்கமே போகாமல், மேற்கே ஏ591 சாலையோரம் ஸ்விர்ல்ஸ் வண்டி நிறுத்தத்திலிருந்து பிரவுன்கோவ் கிராக்ஸ் வழியாக ஏறி அதே வழியில் இறங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். பள்ளத்தாக்கில் இப்போது பனியே இல்லை என்று விடுதியில் சொன்னார்கள். எங்களுக்கு இது ஏற்றதுதானா?

முகடு:
ஏற்றதல்ல. விடுதியில் சொன்னது விடுதி வாசலுக்கு மட்டுமே பொருந்தும். கெஸ்விக் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஹெல்வெலின் உச்சி அதற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர். நூறு மீட்டருக்குச் சராசரியாக 0.65 பாகை வெப்பம் குறையும் என்று கொண்டால், கெஸ்விக் கடைத்தெருவில் 5 பாகையாக இருக்கும்போது உச்சியில் உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும். காற்றின் குளிரை நான் இதில் சேர்க்கவே இல்லை. அதைவிட முக்கியமானது, மார்ச்சில் மேலே கிடப்பது டிசம்பரில் விழுந்த மாவு போன்ற புதுப்பனி அன்று. பகலில் மேற்பரப்பு உருகி, இரவில் மீண்டும் உறைந்து, இப்படி வாரக்கணக்கில் மாறிமாறி இறுகிய பழைய பனி அது. அதில் காலணியின் விளிம்பு பதியாது. விழுந்தவர் சறுக்கத் தொடங்கினால் தம்மை நிறுத்திக்கொள்ளப் பனிக்கோடரி வேண்டும். உங்களிடம் அது இல்லை.

ஆகவே கேட்பெல்ஸுக்குச் செல்லுங்கள். உயரம் 451 மீட்டர்தான். கெஸ்விக் படகுத்துறையிலிருந்து ஹாஸ் எண்ட் வரை படகில் சென்று, ஏறி, மறுபக்கம் ஹாஸ் கேட்டில் இறங்கி, டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரைக்கு மேலுள்ள பாதையில் திரும்பலாம். பெரும்பாலான நாள்களில் பனிக்கோட்டுக்குக் கீழேயே முழு நடையும் முடிந்துவிடும்.

குன்றன்:
நண்பர் முகடு அவர்களின் அச்சம் புரிகிறது, ஆனால் மலையைப் பற்றித் தகவல் இருக்கிறதா என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் அல்லவா? ஸ்காட்லாந்தில் இருப்பது போன்ற பனிச்சரிவு முன்னறிவிப்புச் சேவை லேக் டிஸ்ட்ரிக்டுக்கு இல்லை. அதற்கு ஈடாக இங்கே இருப்பது வெதர்லைன். தேசியப் பூங்காவின் மதிப்பீட்டாளர் ஒருவர் குளிர்காலம் முழுவதும் நாள்தோறும் மலையேறி, பனியின் ஆழம், அதன் தன்மை, உச்சியின் வெப்பநிலை, காற்றின் வேகம் எல்லாவற்றையும் எழுதிப் படங்களுடன் வெளியிடுகிறார். அவர் நாள்தோறும் ஏறும் மலை ஹெல்வெலின்தான். வேறெந்த மலையைப் பற்றியும் இவ்வளவு துல்லியமாக நேற்றைய நிலை நமக்குத் தெரியாது. மேற்குப் பாதை அகலமானது, தேய்ந்தது, வழி தவறுவது கடினம். எட்டுப் பேரும் மைக்ரோஸ்பைக் வாங்கி மாட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை அறிக்கை சாதகமாக இருந்தால் ஏறலாம் என்பதே என் கருத்து.

அல்லி:
இருவரிடமும் எனக்கு வேறுபாடு உண்டு. முதலில் குன்றன் அவர்களுக்கு.

வெதர்லைன் அறிக்கை அருமையானது, நானும் அதைப் பார்க்காமல் கிளம்புவதில்லை. ஆனால் அதை எழுதுகிறவர் பனிக்கோடரியும் கிராம்பானும் கொண்டு செல்கிறவர். அவருடைய கால் பதிந்த இடத்தில் நம் கால் பதியும் என்று அந்த அறிக்கை உறுதி சொல்வதில்லை. மைக்ரோஸ்பைக் என்பது ரப்பர் வாரில் கோத்த சங்கிலியும் சிறு முள்களும். சமமான பாதையில் கண்ணாடி போல் உறைந்த இடங்களைக் கடக்க அது மிக நல்ல கருவி. இறுகிய பனி மூடிய செங்குத்துச் சரிவில் அது காலைவிட்டு நழுவிச் சுழன்றுகொள்ளும். மாட்டியிருக்கிறோம் என்ற துணிவில் போகக் கூடாத சரிவுக்குள் போய்விடுகிறவர்களை மலைகளில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன்.

ஹெல்வெலின் மேற்குப் பாதை அகலம்தான். சிக்கல் மேலே இருக்கிறது. பிரவுன்கோவ் கிராக்ஸின் தலைப்பில் பாதை வளைந்து, ஹெல்வெலினின் துணை உச்சியான லோயர் மேனின் தோளுக்கு அருகே செல்லும்போது வடக்குப் பக்கம் செங்குத்தாக விழுகிறது. உச்சியோ தட்டையான பெருவெளி. இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று, மேற்குச் சரிவின் பனியை வாரிக்கொண்டு போய்க் கிழக்கு விளிம்பில் சேர்க்கிறது; ரெட் டார்ன் ஏரிக்கு மேலே அந்தப் பனி பாறையைத் தாண்டி வெற்றுவெளியில் நீண்டு நிற்கும். முகில் இறங்கிவிட்டால் தரையும் வெள்ளை, வானும் வெள்ளை. விளிம்பு எங்கே முடிகிறது, தொங்கும் பனி எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. குளிர்காலம் அறியாத எட்டுப் பேர் படம் எடுக்க விளிம்பை நோக்கி நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி முகடு அவர்களுக்கு. 451 மீட்டர் என்பதால் கேட்பெல்ஸ் எளிது என்பதை நான் ஏற்கவில்லை. அந்தக் குன்றில் கைகளை ஊன்றி ஏற வேண்டிய பாறைப் படிகள் உண்டு. ஆண்டு முழுவதும் ஏறி இறங்கும் கூட்டத்தின் காலணிகள் அவற்றை வழவழப்பாகத் தேய்த்துவிட்டன. முதல்நாள் மாலை மழை தூறி இரவில் உறைந்தால், அந்தப் பாறை மீது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டிப் படலம் படிந்துவிடும். பனிக்கோட்டுக்குக் கீழே இருப்பதே அப்போது கெடுதல். மேலே பனியாவது இருந்தால் கால் பதிக்க இடமிருக்கும். உயரத்தைப் பார்த்து மலையைத் தேர்வது தவறான அளவுகோல். கால் நழுவினால் எங்கே போய் நிற்போம், திரும்ப நினைத்தால் உடனே திரும்ப முடியுமா என்ற இரண்டையும்தான் நான் பார்ப்பேன்.

அந்த அளவுகோலில் எனக்குத் தோன்றுவது ஸ்கிடா. 931 மீட்டர் என்றதும் திடுக்கிட வேண்டாம். லாட்ரிக் குன்றுக்குப் பின்னால் கேல் ரோடு முடிவில் உள்ள வண்டி நிறுத்தமே ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஜென்கின் ஹில் வழியாகச் செல்லும் பாதை வண்டித்தடம் போல அகலமானது. கைவைத்து ஏறும் பாறை எங்குமில்லை. எந்த இடத்திலும் வந்த வழியே திரும்பலாம்.

முகடு:
அம்மா, ஸ்கிடாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிடுங்கள். ஜென்கின் ஹில் ஏற்றம் செங்குத்தானது, ஓரத்தில் ஓடைப்பள்ளம் இருக்கிறது, அந்தப் பாதை உறைந்து கிடக்கும்போது இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். உச்சி முகடோ கற்கள் பரந்த மொட்டை வெளி, ஒதுங்க இடமில்லை. மணிக்கு 40 மைல் காற்றில் நேராக நடப்பதே பாடு. 60 மைல் காற்று மோதினால் ஆளைத் தள்ளிவிடும். பாறை இல்லை என்பதற்காக மலை சாதுவாகிவிடாது.

அல்லி:
உண்மை; காற்றுதான் ஸ்கிடாவின் பகை. ஆனால் காற்றை முந்தைய நாளே அறியலாம். மலைகளுக்கென்றே உள்ள எம்.டபிள்யூ.ஐ.எஸ். வானிலை முன்னறிவிப்பு உச்சியில் காற்று எவ்வளவு, அது நடையை எப்படிப் பாதிக்கும் என்று தனித் தலைப்பிலேயே சொல்கிறது. பாறைப் படியில் உறைந்த படலத்தை எந்த முன்னறிவிப்பும் சொல்வதில்லை. கால் வைத்த பிறகுதான் தெரியும். தவிர, ஸ்கிடா உச்சியைத் தொட்டே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜென்கின் ஹில் ஏற்றம் முடிந்து பாதை சமமாகும் இடம் ஏறத்தாழ 730 மீட்டர். அதுவரை நிலையைப் பார்த்து, அங்கே நின்று முடிவெடுக்கலாம்.

குன்றன்:
அப்படியானால் ஹெல்வெலினிலும் பாதி வழியில் திரும்பலாமே? இது மலையின் குணமா, குழுவின் ஒழுக்கமா? 600 மீட்டரில் திரும்பத் தெரிந்த குழுவுக்கு எந்த மலையும் பொருந்தும். தெரியாத குழு லாட்ரிக்கில்கூடச் சிக்கிக்கொள்ளும். முறையான வழி வேண்டுமென்றால், கருவிகளை வாடகைக்கு எடுத்து, ஒருநாள் குளிர்காலத் திறன் பயிற்சி எடுத்துக்கொண்டு, பிறகு ஹெல்வெலின் ஏறட்டும். அந்த மதிப்பீட்டாளர்களே அப்படிப் பயிற்சி நடத்திவந்திருக்கிறார்கள்.

அல்லி:
பயிற்சியைப் பற்றி மறுப்பில்லை. அடுத்த ஆண்டு செய்யட்டும். ஆனால் குழுவின் ஒழுக்கம் மட்டுமே போதும் என்பதை ஏற்க முடியாது. ஹெல்வெலினில் கடினமான இடம் கடைசியில் வருகிறது. மணிக்கணக்கில் உழைத்து, உச்சி கண்ணுக்குத் தெரியும்போது திரும்பச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஸ்கிடாவில் கடினமான ஏற்றம் முதல் பாதியிலேயே வந்துவிடுகிறது. அங்கே வழுக்கினால் உடலில் தெம்பும் பகலில் வெளிச்சமும் மிச்சமிருக்கும்போதே தெரிந்துவிடும்.

பொடிநடை:
அல்லி அக்கா, இந்தக் கடைசிப் பத்தி எனக்கு மிகவும் உதவியது. நேரக் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்கிடாவுக்குப் போய்வர ஏறத்தாழ 9 கிலோமீட்டர், ஏற்றம் 650 மீட்டர். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதிப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம் என்று போட்டால் மூன்று மணி நேரம் வருகிறது.

அல்லி:
அது ஓய்வில்லாமல் நல்ல தரையில் நடப்பவருக்கான கணக்கு. பனியும் எட்டுப் பேரும் என்றால் அதனுடன் பாதியைக் கூட்டி நாலரை மணி நேரம் வையுங்கள். மார்ச் தொடக்கத்தில் கெஸ்விக்கில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடும். ஒன்பதரைக்கு நடக்கத் தொடங்கி, எங்கே இருந்தாலும் பகல் ஒரு மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும் முன்பே எட்டுப் பேரும் ஒப்புக்கொள்ளுங்கள். காற்று 35 மைலுக்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் மேலே பார்க்கவே வேண்டாம். அதே வண்டி நிறுத்தத்திலிருந்து எதிர்த்திசையில் திரும்பினால் லாட்ரிக். 368 மீட்டர், மென்மையான சரிவு, ஏரியும் ஊரும் காலடியில் தெரியும்.

முகடு:
கேட்பெல்ஸ் பாறை உறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனாலும் உறையாத நாளில் அதுவே இவர்களுக்கு உகந்தது என்பதில் மாற்றமில்லை. ஸ்கிடாவுக்குத்தான் செல்வதென்றால் இரண்டு நிபந்தனைகள். ஒருவர் திரும்பினால் எட்டுப் பேரும் திரும்ப வேண்டும். நான்கு பேர் உச்சிக்கும் நான்கு பேர் கீழுக்கும் எனப் பிரிவது கூடாது, ஏனெனில் வரைபடமும் திசைகாட்டியும் படிக்கத் தெரிந்தவர் இருவர் இருந்தால் அதிகம். ஒவ்வொருவரிடமும் தலைவிளக்கு இருக்கட்டும். குளிரில் கைபேசி மின்கலம் சட்டென்று தீரும், அதை விளக்காக நம்ப வேண்டாம். யாருக்காவது அடிபட்டால் 999 அழைத்து, முதலில் காவல்துறையையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். அவர்கள் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். கட்டணம் எதுவும் கிடையாது. கட்டணத்துக்கு அஞ்சி அழைப்பைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பொடிநடை:
கேல் ரோடு என்று முடிவு செய்துவிட்டோம். மைக்ரோஸ்பைக் எட்டு ஜோடி வாங்குகிறோம், ஆனால் சமமான பாதைக்கு மட்டும். ஜென்கின் ஹில் ஏற்றத்தில் பனி இறுகிக் கிடந்தால் அங்கேயே திரும்பி லாட்ரிக் போவோம். குன்றன் அண்ணா, அந்தப் பயிற்சிக்கு எப்போது பதிவு செய்ய வேண்டும் என்று தெரிந்தால் எழுதுங்கள். குழுவில் மூவர் இப்போதே கேட்கிறார்கள்.