ட்ரிக்கர் அமுக்கினா சில நேரம் ஓடுது, சில நேரம் செத்த மாதிரி கிடக்குது (ஏர்சாஃப்ட் எம்4 ஒயரிங்)

பச்சைச்சட்டை:
வணக்கம் மக்களே. என்கிட்ட இருக்கறது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின எலக்ட்ரிக் எம்4 ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடற விளையாட்டுத் துப்பாக்கி), வெர்ஷன் 2 கியர்பாக்ஸ், 7.4 வோல்ட் லைப்போ பேட்டரி, மாஸ்ஃபெட் (மோட்டார் கரண்ட்டை ட்ரிக்கருக்குப் பதிலா ஆன்-ஆஃப் பண்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) கிடையாது, ஸ்டாக் ஒயரிங்தான். டொரொன்டோ பக்கம் ஒரு ஃபீல்டுல நல்லா சுட்டுட்டு இருந்தது, திடீர்னு ட்ரிக்கர் அமுக்கினா ஒண்ணுமே இல்ல, விட்டுட்டு மறுபடி அமுக்கினா ஓடுது, கொஞ்ச நேரத்துல திரும்ப செத்துடுது. பேட்டரி 8.3 வோல்ட் காட்டுது, ப்யூஸ் போகல, மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி வெச்சு ட்ரிக்கரை அமுக்கிப் பாத்தா எல்லா ஒயரும் பீப் அடிக்குது. தெரிஞ்ச பையன் ஒருத்தன் மோட்டார் போச்சு மாத்திடுங்கறான். காசு செலவு பண்றதுக்கு முன்னாடி வேற என்ன பாக்கலாம்?

செமிமட்டும்:
செமியில (ஒரு அமுக்குக்கு ஒரு குண்டு) மட்டும் இப்படி ஆகுதா? அப்படின்னா ஒயரிங்கே இல்ல ப்ரோ, செமி லாக். பிஸ்டன் பாதி வழியில நின்னுடும், ஒவ்வொரு குண்டுக்கும் அப்புறம் கரண்ட்டை வெட்டற கட்-ஆஃப் லீவர் தூக்கின மேனிக்கே இருக்கும், ட்ரிக்கர் கான்டாக்ட் சேரவே சேராது. செலக்டரை ஆட்டோவுக்கு (தொடர்ந்து சுடறது) தள்ளி ஒரு தடவை அமுக்கினா விட்டுடும்.

பச்சைச்சட்டை:
இல்லைங்க, ஆட்டோலயும் இதே கதைதான்.

வேகராசா:
11.1 வோல்ட் லைப்போ போட்டுப் பாருங்க, எனக்கு அப்படித்தான் சரியாச்சு

சால்டர்கை:
தம்பி, தயவு செய்து 11.1 போட்டிடாதேங்கோ. மாஸ்ஃபெட் இல்லாத துவக்கில மோட்டாருக்குப் போற முழுக் கரண்டும் ட்ரிக்கர் கான்டாக்டில இருக்கிற சின்னச் செப்புத் தகட்டுக்குள்ளாலதான் போகுது, ஒவ்வொரு முறை ட்ரிக்கரை விடேக்கையும் அதில பொறி பறக்கும், வோல்ட் கூடக்கூட தகடு கெதியாக் கருகும். கொஞ்ச நாளைக்கு ஓடுற மாதிரி இருக்கும், பிறகு சுத்தமாப் போயிடும்.

மற்றது, பீப் சத்தத்தை நம்பாதேங்கோ. கன்டினியூட்டியில மீட்டர் அனுப்புறது மில்லிஆம்ப் கணக்கில, மோட்டார் கேக்கிறது பத்து இருபது ஆம்ப். கரி பிடிச்ச கான்டாக்டிலயும் ரெண்டு இழை மிச்சமிருக்கிற ஒயரிலயும் பீப் வரும், ஆனா லோட் ஏறினா அந்த இடத்திலயே வோல்ட் முழுக்க விழுந்திடும். அதால வோல்ட்டேஜ் ட்ராப்தான் பாக்கோணும்.

முதல்ல மேகசினைக் கழட்டி, உள்ளுக்க குண்டு இல்லையெண்டு பாத்துட்டு, கண்ணாடியும் போடுங்கோ. கைப்பிடியின்ர அடித்தட்டைக் கழட்டினா மோட்டார் வெளியில வரும், ஒயரைக் கழட்டாம மோட்டாரைக் கையில இறுக்கிப் பிடியுங்கோ, ஸ்டார்ட் ஆகேக்கை துள்ளும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில வச்சு ஒரு முனை பேட்டரி கனெக்டரின்ர சிவப்பில, மற்ற முனை மோட்டாரின்ர சிவப்பு முனையில. ட்ரிக்கரை அமுக்கினா கிட்டத்தட்ட பூச்சியம்தான் வரோணும். வோல்ட் காட்டினா அந்த ரெண்டு முனைக்கும் நடுவிலதான் பழுது. கறுப்பிலயும் இப்படியே பாருங்கோ. ரெண்டு பக்கமும் பூச்சியமா இருந்தும் மோட்டார் சுத்தேல்லை எண்டா மட்டும் மோட்டாரைச் சந்தேகப்படலாம், அப்பவும் முதல்ல கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ. ஒரு சாதாரண வெர்ஷன் 2 ஒயரிங்கில ஒரு ஒயர்தான் ட்ரிக்கருக்குள்ளால போகும், மற்றது நேர மோட்டாருக்குப் போகும், எது எண்டது துவக்குக்குத் துவக்கு மாறும்.

பச்சைச்சட்டை:
அண்ணா செம. சிவப்புல 0.1தான். கறுப்புல, மோட்டார் ஓடறப்ப 0.9 காட்டுது, சாகறப்ப 8 வரைக்கும் ஏறுது. கனெக்டர் பக்கத்துல ஒயரை ஆட்டிப் பாத்தேன், ஒண்ணும் மாறல. ஆனா ட்ரிக்கரை முழுசா அமுக்கிட்டு இன்னும் அழுத்தினா சட்டுனு ஓடுது.

சால்டர்கை:
அப்ப கான்டாக்ட்தான். அழுத்தினா கரியைத் தாண்டித் தொடுது, அவ்வளவுதான். மோட்டாருக்குக் காசைக் குடுக்காதேங்கோ.

செமிமட்டும்:
கியர்பாக்ஸ் பிரிக்கறப்ப பேட்டரியை முதல்ல கழட்டுங்க. ஸ்ப்ரிங் கைடை ஸ்க்ரூட்ரைவரால அழுத்திப் பிடிச்சுட்டே மூடியைத் தூக்கணும், இல்லன்னா ஸ்ப்ரிங் முகத்துக்கு வரும். உள்ள கான்டாக்ட் கறுப்பா இருந்தா ரொம்ப நைஸான உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு கான்டாக்ட் க்ளீனர் அடிங்க. குழி விழுந்திருந்தா தேய்ச்சு பிரயோஜனம் இல்ல, ஸ்விட்ச் அசெம்ப்ளியே மாத்திடலாம், மோட்டாரை விட ரொம்ப கம்மி விலைதான். இன்னொண்ணு, செகண்ட் ஹேண்ட்னு சொன்னீங்க, முன்னாடி வெச்சிருந்தவர் கியருக்கு அப்பின கிரீஸ் வழிஞ்சு கான்டாக்ட் மேல வந்திருக்கும், அதுவும் கருகி ஒட்டிக்கும். அதை மொத்தமா துடைச்சிடுங்க.

பச்சைச்சட்டை:
பிரிச்சதுதான் பிரிச்சோம், மாஸ்ஃபெட்டும் போட்டுடலாமா? ரெடிமேட் வாங்கவா, நானே சால்டர் பண்ணவா?

சால்டர்கை:
போடுங்கோ, போட்டா ட்ரிக்கருக்குள்ளால வெறும் சிக்னல்தான் போகும், கான்டாக்ட் கருகிற பிரச்சினையே இல்லை. சால்டர் பழக்கம் இருந்தா ஐஆர்எல்பி3034 எண்ட மாஸ்ஃபெட் ஒண்டு, அதின்ர கேட்டுக்கு (சிக்னல் வாற கால்) 100 ஓம் ரெசிஸ்டர், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் (பேட்டரி நெகட்டிவுக்குப் போற கால்) நடுவில ஒரு பெரிய ரெசிஸ்டர், நான் 33 கிலோ ஓம் போடுறனான். அந்தப் பெரிய ரெசிஸ்டரை விட்டிடாதேங்கோ, இல்லாட்டி ட்ரிக்கரை விட்டாலும் துவக்கு நிக்காது. ப்யூஸையும் எடுக்காதேங்கோ. புது ஒயரை கியர்பாக்ஸ் ஓடு நசிக்காம பள்ளத்துக்குள்ள சரியா படுக்க வையுங்கோ. மோட்டாரில சிவப்புப் புள்ளி இருக்கிற முனைதான் பாசிட்டிவ். மாறிக் குடுத்தா மோட்டார் பின்பக்கம் சுத்தப் பாக்கும், கியரைப் பின்பக்கம் சுத்த விடாத கொக்கி, ஆன்டி-ரிவர்சல் லாட்ச், விடாது, ஒயர் சுடும், ப்யூஸ் போகும்.