அறுபதுக்கு எந்த ரிவால்வர்?

கோட்டையூர்க்காரன். தையில் எனக்குச் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். வீட்டில் வெள்ளிச் சாமான் பேச்சு ஓடுகிறது. எனக்கோ பழைய ரிவால்வர் ஆசை. லைசென்ஸ் இருக்கிறது, வீட்டுக்கார ஆச்சியின் சம்மதம்தான் பாக்கி.

பார்த்த இரண்டும் .32 லாங் என்ற தோட்டா போடுபவை. ஒன்று வெப்லி மார்க் 4. கொக்கியைக் கட்டைவிரலால் தள்ளிக் குழலைக் கீழே மடக்கினால் ஆறு காலித் தோட்டாக்களும் ஒன்றாகத் துள்ளி விழும். அந்த அழகுக்கே கொடுக்கலாம்! ஆனால் கீல் லேசாக ஆடுகிறது. இன்னொன்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 30. தோட்டா போடும் உருளை இடப்பக்கம் திறக்கும், ட்ரிகர் அவ்வளவு இதம். மேல்பூச்சு மட்டும் போயிருக்கிறது.

குறி சுட மட்டும்தான். வெப்லி வைத்திருக்கும் அண்ணன்மாரே, கீல் ஆட்டத்தைச் சரிசெய்ய முடியுமா? அப்புறம், ஸ்மித்தில் சுத்தியலை இழுத்ததும் உருளை அசையாமல் பூட்டுகிறதா என்று பார்த்துவிட்டேன். வேறென்ன பார்க்க வேண்டும்?