புதுப்பிப்பு: குழாயில் செம்பழுப்பாக வந்த தண்ணீர்

போன வாரம் எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் செம்பழுப்பாக வருகிறதே, ஏன் என்று கேட்டிருந்தேன். விஷயம் தெரிந்துவிட்டது: மெயின் குழாயைக் கழுவியிருக்கிறார்கள். வால்வைத் திறந்து வேகமாக ஓடவிட்டால் உள்ளே படிந்த இரும்புத் துருவும் மாங்கனீசும் கிளம்பி வரும். செய்ய வேண்டிய வேலைதான். முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருக்கலாம்!

இப்போது தெளிந்துவிட்டது. சம்ப் வால்வை மூடி, வாசல் குழாயில் கலங்கல் போனபிறகே தண்ணீர் பிடித்தோம். காய்ச்சினாலும் துரு போகாது.

அதற்குள் வாஷிங் மெஷினில் போட்ட வெள்ளை வேட்டிகள்தான் பாவம். பிளீச் மட்டும் போடாதீர்கள், இரும்புக் கறை இன்னும் ஊன்றிவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டதில் பெரும்பாலும் போய்விட்டது. அப்புறம், ஆர்.ஓ. மெஷினின் முதல் ஃபில்டர் அடைத்துக்கொண்டது, மாற்ற வேண்டும்.