ஒரே ரூம், எத்தனை பாயிண்ட்?

குழு: நம்ம வீட்டு ஆளுங்க (தென்னாப்பிரிக்காவும் ஊரும்)

புதன், மாலை 6:42

தம்பி: காட்டேஜ் சாவி கைக்கு வந்துருச்சு. ரூம் 5 மீட்டருக்கு 4 மீட்டர். ஒரு சுவரோரமா கிச்சன் மேடை, பாத்ரூம் மட்டும் தனி.

தம்பி: (ஃபோட்டோ)

அம்மா: வெளிச்சமா இருக்கு கண்ணு. ஜன்னல் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?

தம்பி: கிழக்குமா. ஆனா மொத்த ரூமுக்கும் மூணே பிளக் பாயிண்ட். சுவர்ல பூச்சு உதிருதுன்னு அடுத்த வாரம் பூசி பெயிண்ட் அடிக்கிறாங்க. சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வர்றாராம், எங்கெங்க பாயிண்ட் வேணுமோ அதுக்குள்ள சொல்லிடுன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க.

நான்: வாடகை வீட்ல யாருடா இப்படிக் கேப்பாங்க! பெயிண்ட் அடிச்சப்புறம் ஒருத்தரும் சுவரை வெட்ட விடமாட்டாங்க. யோசிச்சு எழுதிக் குடு.

தம்பி: எனக்கு எதுக்குக்கா அவ்வளவு. ரெண்டு மல்டி-பிளக் வாங்கி நீட்டி விட்டா முடிஞ்சுது.

நான்: அத மட்டும் பண்ணாத. போன ஜூலைல எங்க வீட்ல நடந்தத உங்க யார்கிட்டயும் சரியா சொல்லல. இப்ப சொல்றேன்.

நான்: ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ஜூலைதானே இங்க குளிர்காலம், வெளிய நல்ல குளிர். ஆயில் ஹீட்டர மல்டி-பிளக்ல போட்டு கட்டிலுக்குப் பக்கத்துல வச்சிருந்தோம். மீன் கருகுன மாதிரி ஒரு வாடை. நான் அடுப்பைப் போய்ப் பாத்தேன், அடுப்புல ஒண்ணுமே இல்ல. திரும்பி வந்து பாத்தா, மல்டி-பிளக்ல ஹீட்டர் சொருகியிருந்த ஓட்டையச் சுத்தி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பா மாறி ஓரம் இளகி உள்ள இறங்கியிருக்கு. பாப்பாவோட போர்வை நுனி அதுக்கு மேல கிடந்துச்சு.

அம்மா: முருகா. ஏன்டி எங்கிட்ட சொல்லல

நான்: நீ தூங்கமாட்டன்னுதான்மா. சுவர்ல ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணிட்டுத்தான் தொட்டேன். ஹீட்டர் பிளக்க இழுத்தா வரல, ஒட்டிக்கிச்சு. ஒரு முள் நீலமா கருத்துப் போயிருந்துச்சு.

என் வீட்டுக்காரர்: அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பிளக்கத் தொட்டா சூடா இருக்குன்னு நான் பாத்தேன். குளிர்காலத்துல ஹீட்டர் பிளக் சூடாத்தானே இருக்கும்னு விட்டுட்டேன். அந்தச் சூடுதான் எச்சரிக்கை, அப்ப தெரியல.

தம்பி: டிபி போர்டுல, அதான் பிரேக்கர் பெட்டில, ட்ரிப் ஆகலயா அத்தான்?

என் வீட்டுக்காரர்: ஆகல. அதான் இன்னும் மனசுக்குள்ள உறுத்துது.

மாமா (டர்பன்): ட்ரிப் ஆகாதுப்பா. பாயிண்ட் லைனுக்கு 20 ஆம்ப் பிரேக்கர் இருக்கும். 2000 வாட் ஹீட்டர் இழுக்கிறது 9 ஆம்ப் கூட இல்ல. பிரேக்கருக்கு அது சாதாரண லோடு. இங்க கோளாறு லோடு இல்ல, பிடிப்பு. மல்டி-பிளக்குக்குள்ள இருக்கிற தகடு மெல்லிசு. நாள்பட நாள்பட தளந்து போகும். முள்ளும் தகடும் சரியா ஒட்டாத அந்த ஒரு புள்ளில சூடு ஏறும், ஏற ஏற இன்னும் தளரும். ஆம்ப் கூடாததால பிரேக்கர் பேசாம இருக்கும். எர்த்துக்குக் கரண்ட் கசியாததால, கசிவப் பாத்து கட் பண்ற எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச்சும் பேசாம இருக்கும். மூக்குதான் கண்டுபிடிக்கணும்.

மாமா (டர்பன்): நான் மில்லுல மெயின்டனன்ஸ்ல இருக்கேன், கருகுன பிளக் எத்தனையோ பாத்துட்டேன். சூடு பண்ற சாமான் எதுவா இருந்தாலும் நேரா சுவத்துக்கு. ஹீட்டர், கெட்டில், ஸ்டவ், அயர்ன், ஏர் ஃப்ரையர். மத்ததுக்கு மல்டி-பிளக் போட்டுக்கோ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். லேப்டாப், ஃபோன், டிவி, ரவுட்டர் எல்லாம் சேந்தா கூட கெட்டில்ல கால்வாசி வராது.

தம்பி: அப்ப முதல்ல சூடு பண்றதையெல்லாம் எண்ணணும். சரி மாமா.

நான்: எண்றதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணு. சாக்பீஸ் எடுத்து தரைல கட்டில், டேபிள், பிரிட்ஜ் எல்லாத்தையும் அளவெடுத்து வரை. அப்புறம் அதுக்குள்ள படுத்துப் பாரு, உக்காந்து பாரு. பாயிண்ட் எங்க வேணும்னு கை தானா நீட்டும். எங்க வீட்ல கட்டில் தலைமாட்டுக்கு நேர் பின்னாடி பாயிண்ட் இருக்கு, கட்டில நகத்தாம சார்ஜர் போட முடியாது. கட்டில் இடிச்சு இடிச்சு பிளக் கோணலாயிடுச்சு.

வியாழன், இரவு 8:15

தம்பி: வரைஞ்சாச்சு. (ஃபோட்டோ) ஒரு விஷயம் இப்பதான் தெரியுது, நெட்டுக்கான ஃபைபர் பெட்டி வாசல் பக்க சுவர்ல ஏற்கனவே மாட்டியிருக்காங்க. டேபிள் ஜன்னல் பக்கம்.

என் வீட்டுக்காரர்: பெட்டிய நகத்த முடியாது. ரவுட்டர பெட்டிக்குப் பக்கத்துலயே வை, சின்ன ரூம்தானே, வைஃபை போதும். அங்க ஒரு டபுள் பாயிண்ட் உசரமா கேளு. பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேத்து ஒரு மினி யூபிஎஸ். கரண்ட் போனா ரெண்டுக்குமே கரண்ட் வேணும், ரவுட்டருக்கு மட்டும் குடுத்தா நெட் வராது. ரெண்டோட அடாப்டர்லயும் எத்தனை வோல்ட்னு படிச்சுட்டு வாங்கு. நிறைய 12 வோல்ட், ஆனா எல்லாமே இல்ல.

தம்பி: இப்பதான் லோட் ஷெடிங் குறைஞ்சிருச்சே அத்தான்

மாமா (டர்பன்): 2023-ல மின்வெட்டு ஸ்டேஜ் 6 வரைக்கும் போனதப் பாத்தவன் அப்படிப் பேசமாட்டான். இல்லாட்டியும் கேபிள் திருட்டுன்னு நாள் கணக்குல போகுது. கரண்ட் போறதவிட திரும்பி வர்றப்பதான் அடி, வோல்டேஜ் எகிறும். எங்க பழைய டிவி அப்படித்தான் போச்சு. டிவிக்கும் பிரிட்ஜுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் போடு.

அத்தை: தம்பி, பிரிட்ஜ் பாயிண்ட் பிரிட்ஜுக்கு நேர் பின்னால வேண்டாம்பா. பக்கத்துல தள்ளி, கை எட்ற மாதிரி. கரண்ட் போனதும் நான் முதல்ல அததான் கழட்டுவேன்.

தம்பி: சரி அத்தை. கிச்சன் மேடைல என்ன பண்ணட்டும்? கெட்டில், மைக்ரோவேவ், ரைஸ் குக்கர், மிக்ஸி, கிரைண்டர்.

நான்: கிரைண்டரா? நீ மாவு ஆட்டப் போறியா?

அம்மா: நான்தான் குடுத்து விட்டேன். அங்க பாக்கெட் மாவு வாங்கித் திங்கிறான் புள்ள.

மாமா (டர்பன்): கிரைண்டர் நல்லா ஓடும், இங்கயும் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்தான், ஊர்ல இருக்கிற அதே கரண்ட். பிளக்தான் வேற. நம்மூர்ல ஏசிக்கும் கீசருக்கும் போடுற 15 ஆம்ப் பெரிய முள் இருக்குல்ல, அதுதான் இங்க சாதாரண பிளக். மிக்ஸில வர்ற சின்ன முள் உக்காராது. அடாப்டர்ல ஆட விடாத. வயர வெட்டி இங்கத்திய பிளக் டாப் மாட்டு. தடிச்ச முள் எர்த். ஊர் வயர்ல எர்த் வெறும் பச்சையாவும் இருக்கும், இங்க பச்சையும் மஞ்சளும். சந்தேகம் இருந்தா தொடாத, எலக்ட்ரீஷியன் வரும்போது குடு, அஞ்சு நிமிஷ வேலை.

மாமா (டர்பன்): மேடை மேல டபுள் பாயிண்ட் ரெண்டு கேளு. ஒண்ணு ஒரு கோடில, இன்னொண்ணு மறு கோடில. கெட்டிலும் மைக்ரோவேவும் ஒரே டபுள் பாயிண்ட்ல வேண்டாம். மேடைக்கு மேல ஒரு சாண் உசரம். சிங்க்குக்குக் கிட்ட வேண்டாம், ஸ்டவ்வுக்கு நேர் பின்னாலயும் வேண்டாம், கெட்டில் வயர் சூட்டு மேல தொங்கும்.

தம்பி: இங்க புதுசா ஒரு பாயிண்ட் இருக்கு, பெரிய மூணு ஓட்டைக்குப் பக்கத்துல சின்னதா அறுகோணமா ரெண்டு. அது என்ன?

மாமா (டர்பன்): அதான் இந்த நாட்டோட புது பிளக். புதுசா போடுற பாயிண்ட்ல அது இருக்கணும்னே விதி. ஃபோன் சார்ஜர், டிவிக்கு வர்ற ஒல்லி ரெண்டு முள் பிளக் அடாப்டர் இல்லாமலே அதுல உக்காரும். ஆனா வட்டமா தடியா வர்ற ஜெர்மன் பிளக் உக்காராது. அதுக்கு அடாப்டர் வேணும். உன் மானிட்டர் பிளக் எதுன்னு பாத்துக்க.

நான்: டேபிள் பாயிண்ட்ட டேபிளுக்கு மேல வரமாதிரி வைக்கச் சொல்லு. கீழ வச்சா தினமும் குனியணும், லேப்டாப் அடாப்டர் வயர்லயே தொங்கும்.

மாமா (டர்பன்): இதெல்லாம் இருக்கட்டும். டிபி போர்டு ஃபோட்டோ அனுப்பு. நான் அதத்தான் பாக்கணும்.

தம்பி: (ஃபோட்டோ) மெயின் ஸ்விட்ச்ல 30-னு போட்டிருக்கு. வீட்டுக்காரம்மாவோட பெரிய வீட்லேந்து ஒரு கேபிள்தான் இங்க வருது.

மாமா (டர்பன்): நெனச்சேன். 30 ஆம்ப்னா 6900 வாட். கீசர் மேல எவ்வளவு போட்டிருக்கு?

தம்பி: 3 கிலோவாட்

மாமா (டர்பன்): கீசர் 3000, டூ-பிளேட் ஸ்டவ் 2000, ஹீட்டர் 2000, கெட்டில் 2000. நாலும் ஒண்ணா ஓடினா 9000. எத்தனை பாயிண்ட் அடிச்சாலும் உள்ள வர்ற கரண்ட் அதேதான். காலைல குளிச்சுட்டு டீ போட்டுட்டு ஹீட்டர் முன்னாடி உக்காருவ, மெயின் விழும். கீசருக்கு டைமர் போடச் சொல்லு, விடியக்காலை மூணு மணிக்கு ஓடி முடிஞ்சுடும். அப்புறம் நிம்மதி.

என் வீட்டுக்காரர்: இது எனக்கே தோணல மாமா. பாயிண்ட் இருந்தா போதும்னு நெனச்சேன்.

மாமா (டர்பன்): இன்னொண்ணு. வர்ற ஆள் ரெஜிஸ்டர் பண்ணவரான்னு கேளு. புது பாயிண்ட் போட்டா அதுக்கும் சேத்து கம்ப்ளையன்ஸ் சர்டிபிகேட், அதான் வயரிங் விதிப்படி இருக்குன்னு எழுத்துல, தரணும். பேச்சுல "எல்லாம் ஓகே"ன்னா ஒத்துக்காத. வீட்டுக்காரம்மாவுக்கும் அது நல்லது, அத பதமா சொல்லு.

வெள்ளி, இரவு 9:30

தம்பி: பேசிட்டேன். எல்லாத்துக்கும் காசு ஆகும்னு யோசிச்சாங்க. நாலு டபுள் பாயிண்ட்டுக்கு ஒத்துக்கிட்டாங்க. அஞ்சு கேட்டேன்.

நான்: எத விட்ட?

தம்பி: டிவி. டிவிய டேபிள் பக்கத்துக்கே கொண்டு வந்துட்டேன், டேபிள் பாயிண்ட்ல சர்ஜ் மல்டி-பிளக் போட்டு ரெண்டையும் ஓட்டிக்கலாம். பழைய மூணுல ஒண்ணு பிரிட்ஜுக்கு, ஒண்ணு கட்டில் பக்கம். மூணாவது ஹீட்டருக்கு மட்டும், அதுல வேற எதுவும் சொருகமாட்டேன். புது நாலு: மேடைல ரெண்டு, டேபிள், ஃபைபர்.

மாமா (டர்பன்): சபாஷ். அப்படித்தான் விடணும். அந்தப் பழைய மூணையும் கழட்டி ஸ்க்ரூ இறுக்கச் சொல்லு, பிளக் சொருகினா லொடலொடன்னு ஆடுற பாயிண்ட்ட மாத்தச் சொல்லு.

அம்மா: எல்லாரும் பேசுனீங்க, சாமி மாடத்தப் பத்தி ஒருத்தரும் கேக்கல. சின்ன எல்இடி விளக்கு ஒண்ணு குடுத்து விட்டேனே, அது எங்க எரியும்?

தம்பி: ஃபைபர் பெட்டிக்கு மேல மாடம் வைக்கிறேன்மா. கிழக்கு பாத்து இருக்கும். அங்க ஒரு ஓட்டை மிச்சம் இருக்கு.

அம்மா: அது போதும் ராசா.

சனி, மதியம் 2:05

தம்பி: (ஃபோட்டோ) சுவரெல்லாம் வெட்டியாச்சு. சிங்க் பக்கம் குறிச்சத எலக்ட்ரீஷியனே தள்ளி வச்சுட்டார். மிக்ஸி பிளக்கும் மாத்திக் குடுத்துட்டார்.

மாமா (டர்பன்): எர்த் லீக்கேஜ்ல டெஸ்ட் பட்டன் இருக்கும். அவர் கிளம்புறதுக்கு முன்னாடி அவர் கண்ணு முன்னாடியே அமுக்கிப் பாரு. டக்குன்னு விழணும்.

தம்பி: அமுக்கினேன் மாமா. விழுந்துச்சு.

மாமா (டர்பன்): சர்டிபிகேட்?

தம்பி: செவ்வாய்க்கிழமை மெயில்ல அனுப்புறேன்னார்.

மாமா (டர்பன்): வந்ததும் இங்க போடு. செவ்வாய் ராத்திரி நானே கேப்பேன்.