விலாக் கொழுப்பு −1 காளையா, +1 காளையா?

தெமட்டகொடைக்காரன்:
வணக்கம். நான் வேலைக்காகக் கொழும்பில் இருக்கிறேன், அப்பாவின் பட்டி வவுனியாவில், 40 பசு. இறைச்சிக்குத்தான் வளர்க்கிறோம். சினை ஊசி போட பிராமண் இன மாட்டு விந்து எடுக்கலாம் என்று ஒரு அவுஸ்திரேலியக் கட்டலொக்கைப் புரட்டினால், ஒரு காளைக்கு விலாக் கொழுப்பு −1, இன்னொன்றுக்கு +1 என்று போட்டிருக்கிறது. இங்கே இறைச்சிக்கடை நானா கொழுப்பை வெட்டி எறியத்தான் வேண்டும் என்கிறார். அப்போ −1 தானே நல்லது?

பட்டிக்காரன்:
தம்பி, அவசரப்படாதீர்கள். அந்த எண் காளையின் பரம்பரைக் கணிப்பு, ஒப்பிடும் அடிப்படை அளவைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று மில்லிமீற்றரில் சொல்வது. விலாக் கொழுப்பு என்பது 12ஆம் 13ஆம் விலாவுக்கு நடுவே தோலுக்கடியில் உள்ள கொழுப்பின் தடிப்பு, ஸ்கேன் பண்ணி அளப்பது. காளை கன்றுக்குக் கொடுப்பது பாதிதான், ஆக இந்த இரண்டின் கன்றுகளுக்கும் சராசரி வித்தியாசம் 1 மில்லிமீற்றர். நானாவின் கத்திக்கு அது தெரியவே போவதில்லை. ஆனால் நாகுகளை, அதாவது பெண் கன்றுகளை, நீங்கள் விற்காமல் வைத்துக்கொள்வீர்கள் அல்லவா? ஆவணி, புரட்டாதியில் புல்லெல்லாம் கருகிக் கிடக்கும்போது பசு உடம்பில் சேர்த்து வைத்ததைக் கரைத்துத்தான் கன்றுக்குப் பால் கொடுக்கும். எங்கள் பட்டியில் மெலிந்த வழியில் வந்த மூன்று தலையீற்றுப் பசுக்கள், தூர நின்று பார்த்தால் வாட்டசாட்டம், கையை வைத்தால் விலாவை ஒவ்வொன்றாக எண்ணலாம். கன்று போட்டு மாதக்கணக்காகியும் காளைக்குக் கத்தவே இல்லை, சினைப்பருவத்துக்கு வரவில்லை.

மழைப்புல்:
அண்ணை சொல்வது சரி, ஆனால் எல்லாப் பழியையும் காளையின் தலையில் போடாதீர்கள். மாட்டுக்கு மாடு கொழுப்பில் தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பரம்பரை, மிச்சமெல்லாம் தீனி, புழு, உண்ணி. முதலில் புழு மருந்து கொடுத்தீர்களா? இன்னொன்று, தசைக்குள்ளே ஓடும் கொழுப்புக்கு அதே கட்டலொக்கில் தனி எண் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தெமட்டகொடைக்காரன்:
புழு மருந்து போன வருடத்தோடு சரி, வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போ +1ஐ எடுக்கவா?

பட்டிக்காரன்:
நானென்றால் பூச்சியத்துக்குச் சற்று மேலே பார்ப்பேன், +1 என்றாலும் பயமில்லை. நாகுகளை வைக்காமல் எல்லாக் கன்றையும் விற்பதென்றால் −1 பரவாயில்லை.

தெமட்டகொடைக்காரன்:
இப்போதுதான் அப்பாவோடு கதைத்தேன். கொழுப்பு கிடக்கட்டும், கன்றின் பிறப்பு எடைக்கு என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பார், நம்முடையது எல்லாம் சின்ன ஊர்மாடு என்கிறார். அந்தப் பக்கத்தை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.