இடுப்புக்குப் போனேன், அவர் காலைப் பார்த்தார்

கவாத்துக்காரன், கோத்தகிரி

ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது. வயது 54, சுகர் வந்து 11 வருஷம். போன தேயிலைக் கவாத்தின்போது செடி வெட்டுகிற மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. கீழ் முதுகெலும்பில் எல்4, எல்5 கதை இங்கே எல்லாருக்கும் மனப்பாடம், அதை விடுகிறேன். கிட்னி டெஸ்டில் கிரியாட்டினின் 1.6 என்றதும் வலி மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். குன்னூர்ப் பக்கம் ஒருவர் ஆஸ்டியோபதி, அதாவது எலும்பையும் தசையையும் கையாலேயே அமுக்கி அசைத்துப் பார்க்கிற வைத்தியம், பார்க்கிறார் என்று மச்சான் சொன்னான். போனேன்.

நெட்டி முறிப்பார் என்று பயம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கடைசி விலா எலும்புக்குக் கீழே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். மூன்று நிமிஷம் இருக்கும். பிறகு முட்டியை மடக்கச் சொல்லி, "என் கையை எதிர்த்துத் தள்ளுங்க, போதும், விட்டுடுங்க" என்று நாலைந்து தடவை. அவ்வளவுதான். இதற்கா காசு என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

அப்புறம் கம்பூட்ஸைக் கழற்றச் சொன்னார். "கண்ணை மூடிக்குங்க. எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லுங்க." காத்திருந்தேன். தகரக் கூரையில் மழை. யாரோ வெளியே ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை. "ஆரம்பிங்க சார்" என்றேன்.

"ரெண்டு காலிலும் மூணு மூணு விரல் தொட்டு முடிச்சுட்டேன்" என்றார்.

கண்ணைத் திறந்து பார்த்தால் இடது கால் சாக்ஸ் அவர் கையில் இருக்கிறது. பாதத்துக்கு அடியில் வெட்டின தேயிலைக் குச்சி குத்தி ரத்தம் காய்ந்து, துணியோடு ஒட்டியிருந்திருக்கிறது. எந்த நாளில் குத்தியதென்றே எனக்குத் தெரியாது. "இடுப்பு காத்திருக்கும், இது காத்திருக்காது" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். காசும் வாங்கவில்லை. முதுகு வலிக்கு வந்தவனைத் திருப்பி அனுப்புகிறாரே என்று அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

புண் ஆறி மறுபடி போனேன். ஐந்து தடவை. இப்போது குனிந்து பூட்ஸ் போட முடிகிறது. ஆனால் ராத்திரி தூக்கம் கலைந்தால் ஞாபகத்துக்கு வருவது அந்த ஜீப் சத்தம்தான்.

கொண்டை ஊசி டிரைவர், மேட்டுப்பாளையம் ரோடு

அண்ணா, உங்களுக்குக் கால், எனக்கு லோ சுகர். 14 வளைவு, ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கினால் இடுப்பு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் போனது வேறு ஆளிடம். காலை சுகர் மாத்திரை கிளிமிபிரைடு போட்டாயிற்று, 11 மணிக்கு வரச் சொன்னார், கூப்பிட்டது ஒன்றரைக்கு. சாப்பிட்டால் குப்புறப் படுக்கக் கஷ்டம் என்று நானே சாப்பிடாமல் இருந்தேன். என் தப்புதான்.

படுத்துப் பத்து நிமிஷத்தில் வேர்த்தது. "நல்லா ரிலாக்ஸ் ஆகுது" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது, மிதக்கிற மாதிரி. எழுந்தபோது கட்டிலின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. முகம் தரையில். கண் திறந்தபோது வெளியே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி தன் பையிலிருந்து வர்க்கி பிஸ்கட்டை எடுத்து என் வாயில் திணித்துக்கொண்டிருந்தார். தொண்டை காய்ந்து கிடக்கிறது, வர்க்கி பொடிப்பொடியாக உதிர்கிறது, விழுங்க முடியவில்லை. அந்த நேரத்தில் சாவதென்றால் வர்க்கி மாட்டித்தான் சாவேன் என்று தோன்றியது.

முதுகு வலி குறைந்ததா என்று கேட்கிறார்கள். தெரியவில்லை, அதைக் கவனிக்கவே இல்லை.

ரிட்டயர்டு வாத்தியார், வெலிங்டன்

தம்பிகளே, எனக்கும் 22 வருஷமாகச் சர்க்கரை. ஆஸ்டியோபதி என்று ஒரு முறை போனேன், முக்கால் மணி நேரம், சுகமாக இருந்தது, இரண்டு நாளில் வலி திரும்பி வந்துவிட்டது. இதற்கெல்லாம் ஓட வேண்டியதில்லை. காலையில் நாலு மணிக்கு எழுந்து வெந்நீர் ஒரு சொம்பு. பிறகு நீலகிரித் தைலம், நல்ல சரக்காகப் பார்த்து வாங்க வேண்டும், ரோட்டோரக் கடையில் நிறமில்லாமல் விற்கிற எல்லாமும் தைலமில்லை. மணம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வர வேண்டும். அதைத் தேங்காய் எண்ணெயில் கலந்து இடுப்பில் நீவிவிட்டுச் சுடுதண்ணிப் பை. இங்கத்தி டிசம்பர்க் குளிருக்கு இடுப்புக்கு ஒன்று, பாதத்துக்கு ஒன்று, இரண்டு பை வைத்துக்கொண்டு படுத்தால் விடியும்வரை தூக்கம். பையின் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்தால்தான் வேலை செய்யும். மெத்தென்ற மெத்தை கூடாது. உருளைக்கிழங்கு கூடாது. மாலையில் வெறுங்காலோடு புல்லில் அரை மணி நடக்க வேண்டும், நரம்புக்கு அவ்வளவு நல்லது. நான் இந்த வயதிலும் சிம்ஸ் பூங்காவை இரண்டு சுற்று வருகிறேன்.

கவாத்துக்காரன், கோத்தகிரி

வாத்தியார் சார், கோபிக்கக் கூடாது. என் முதல் பதிவை இன்னொரு தடவை படியுங்கள். பாதத்துக்குக் கொதிக்கிற பை, வெறுங்கால் நடை, இரண்டும் எனக்குச் சொல்கிற யோசனையா?

மகள், மஞ்சூர்

படித்துக்கொண்டே வந்தேன், எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அம்மாவுக்குச் சுகர் எட்டு வருஷம், இலை பறிப்பு முப்பது வருஷம். நடு முதுகில் வலி. ராத்திரியில் அதிகம். இலை மூட்டை தூக்கியதால் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். உடம்பு இளைத்தது, அதற்குச் சுகர் என்று ஒரு காரணம் கையில் இருந்தது. போர்டில் ஆஸ்டியோபதி, வர்மம், கப்பிங் என்று மூன்றும் எழுதியிருந்த இடத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன்.

ஜனவரி மாதம். வழியெல்லாம் புல்லில் உறைபனி. அறைக்குள் நாங்கள் எல்லாரும் ஸ்வெட்டர், குல்லா. அவர் அம்மாவின் முதுகில் ஊன்றி அமுக்கினார், அம்மா கத்தினார், அவர் கையை எடுத்தார். உள்ளங்கை நனைந்திருந்தது. அதைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

அந்தக் குளிரில் இந்த முதுகு ஏன் வேர்த்திருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று தடவை கூட்டிப் போனேன்.

கோயம்புத்தூரில் எம்ஆர்ஐ எடுத்தபோது முதுகெலும்பில் டிபி. ஓராண்டுக்கு மேல் மாத்திரை. இப்போது நடக்கிறார், பெல்ட்டோடு.

கேரட் மூட்டை, கேத்தி

அக்கா, மனசு கஷ்டமாகிவிட்டது. அம்மா தேறிவிடுவார்.

என் கதை அவ்வளவு பெரிதில்லை. முதலில் முதுகில் ஊசி போட்டார்கள், ஸ்டீராய்டு. வலி போனது, ஆனால் மூன்று நாள் சுகர் 380க்குக் கீழே இறங்கவில்லை. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் கையால் அமுக்கிப் பார்க்கிற வைத்தியத்துக்கு மாறினேன். நான் போனவர் வலியைப் பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். வயிற்றில் கை வைத்து "கணையத்தைத் தூண்டி விடுறேன்" என்றார். அன்று மாலை பார்த்தால் 40 பாயின்ட் குறைவு! வீட்டில் எல்லாருக்கும் மீட்டரைக் காட்டினேன். மாத்திரையைப் பாதியாக்கினேன். மூன்று மாதம் கழித்து, சுகரின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.8. லேப் பையன் பேப்பரை என்னிடம் கொடுக்காமல் என் மனைவியிடம் கொடுத்தான், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கொண்டை ஊசி டிரைவர், மேட்டுப்பாளையம் ரோடு

அந்த 40 எங்கிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன். உங்கள் கேத்தியில் எந்த இடத்துக்குப் போக வேண்டுமென்றாலும் படி ஏறி இறங்க வேண்டும். போனீர்கள், வந்தீர்கள், குறைந்தது. கணையத்துக்கு எதற்கு நன்றி?

மூட்டை இறக்கியவன், குன்னூர் (பிசியோ)

நான் பிசியோதெரபிஸ்ட், 17 வருஷம். எனக்கும் உறுத்துகிற ஒன்று இருக்கிறது. சுகர்காரர் ஒருவருக்கு இடுப்பில் ஹாட் பேக் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பேக் நழுவிக் குதிகாலில் கிடக்கிறது, அவர் குறட்டை. கொப்புளம் ஆற நாலு மாதம். அவர் இன்றுவரை என்னைத் திட்டவில்லை.

வாத்தியார் சார், அதனால் சொல்கிறேன், உங்கள் பாதத்துப் பையை இன்றிரவே எடுத்துவிடுங்கள்.

டிரைவர் தம்பி, லோ சுகருக்கு வர்க்கியும் சாக்லேட்டும் சரிப்படாது. அதில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மூன்று ஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்து, இல்லையென்றால் குளுக்கோஸ். 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதுவும் விழுங்குகிற நிலையில் இருந்தால் மட்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் திணிக்கக் கூடாது, அந்தப் பாட்டியின் நல்ல மனசுக்கு ஒரு கும்பிடு. வயிற்றில் இன்சுலின் போட்ட கையோடு போய் வயிற்றை அமுக்கக் கொடுக்காதீர்கள், மருந்து வேகமாக இறங்கிவிடும். எழும்போது கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். நாள்பட்ட சுகரில் பிரஷர் சட்டென்று விழும்.

ஆஸ்டியோபதியை மொத்தமாகக் குறை சொல்ல நான் வரவில்லை. 1874இல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற டாக்டர் அமெரிக்காவில் ஆரம்பித்தது. அங்கே அந்தப் படிப்பு முடித்தவர் முழு டாக்டர், மருந்து எழுதுவார், ஆபரேஷனும் செய்வார். இங்கே போர்டு வைத்திருப்பவர் என்ன படித்தார் என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். டெக்சஸில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 455 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2013இல் வந்தது. எட்டு வாரத்தில் ஆறு தடவை சிகிச்சை. அதில் சுகர் உள்ளவர்கள் 34 பேர். சும்மா பாவனைக்குக் கை வைக்கப்பட்டவர்களைவிட, நிஜமாகச் சிகிச்சை பெற்ற சுகர்காரர்களுக்கு 12ஆவது வாரத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது. நல்ல சேதிதான். ஆனால் 34 பேரை நம்ம ஊர் மினி பஸ் ஒன்றிலேயே ஏற்றிவிடலாம். அதை வைத்துக் கணையம் வரைக்கும் போகாதீர்கள். இங்கிலாந்தில் இடுப்பு வலிக்கு 2016இல் வந்த வழிகாட்டுதலும், இப்படிக் கையால் செய்கிற சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் செய்யச் சொல்கிறது.

மகள் அக்கா, ராத்திரி வலி, காய்ச்சல், வேர்வை, இளைப்பு, இதில் ஒன்று இருந்தாலும் முதுகைத் தொடுவதற்கு முன்னால் டாக்டருக்கு அனுப்ப வேண்டும். சுகர் இருந்தால் டிபி வரும் வாய்ப்பும் கூடுதல். சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அன்றைக்கே. இது வைத்தியம் பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. உங்களுக்கில்லை.

மகள், மஞ்சூர்

நீங்கள் எனக்காகச் சொல்கிறீர்கள், புரிகிறது சார். ஆனால் வேர்வையை அவர் துடைத்ததைப் பார்த்தது நான்.

புதுசு, கூடலூர்

கவாத்துக்கார அண்ணன் போன இடத்தின் அட்ரஸ் கிடைக்குமா? அப்பாவுக்கு.

ரிட்டயர்டு வாத்தியார், வெலிங்டன்

பிசியோ தம்பி, நேற்று ராத்திரி பையை எடுத்துவிட்டுச் சாக்ஸ் இரண்டு போட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. பேத்தியை விட்டுப் பாதத்தைப் பார்க்கச் சொன்னேன். பழைய தழும்பு இரண்டு இருக்கிறதாம். நான் கொசுக்கடி என்று நினைத்திருந்தேன். உருளைக்கிழங்கு பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

கவாத்துக்காரன், கோத்தகிரி

கூடலூர் தம்பி, அட்ரஸ் பொதுவில் போட மாட்டேன், வருகிற கூட்டத்தை அவர் தாங்கமாட்டார். முதலில் அப்பாவின் சாக்ஸைக் கழற்றி நீயே தொட்டுப் பார். ஆறில் இரண்டு இடம் அவருக்குத் தெரியாவிட்டால் டாக்டரிடம் கூட்டிப் போ. இதற்கு யாரும் வேண்டாம்.

போன வாரம் நானும் போய் வந்தேன். வலியில்லை, சும்மா காட்டத்தான். மறுபடியும் கண்ணை மூடச் சொன்னார். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று மூச்சைக் கூடப் பிடித்துக்கொண்டு கவனித்தேன். ஏதோ பட்ட மாதிரி இருந்தது. "இடது பெருவிரல்" என்றேன், சத்தமாகவே.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தேன். மேஜையில் உட்கார்ந்து என் சீட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தார்.