ஹட்டன் ரோட்டில் லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

தலவாக்கலை ஆல்டோ:
எல்லோருக்கும் வணக்கம். லைசென்ஸ் எடுத்து அதிக காலமில்லை, இப்போது வேலை விசயமாக ஹட்டன், கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. தனியாக ஓட்டப் பயமில்லை, முன்னால் கன்டெய்னரோ எண்ணெய் ஏற்றுகிற பவுசரோ வந்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தே உயிரை எடுக்கிறான். சில லொறிக்காரர் இடது சிக்னல் போடுகிறார்கள், சிலர் வலது. எது "போ", எது "போகாதே"? பெரிய வண்டி ஓட்டுகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பழைய பவுசர்:
தம்பி, பொதுவாக இடது சிக்னல் என்றால் முன்னால் ரோடு காலி, நீ போ. வலது என்றால் எதிரே வண்டி வருகிறது, பொறு. ஆனால் இது சட்டமில்லை, ரோட்டில் இருக்கிற பழக்கம், அவ்வளவுதான். இடது போட்டவன் கடையில் தேத்தண்ணி குடிக்க ஓரங்கட்டலாம், வலது போட்டவன் உண்மையிலேயே தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பலாம். உன் கண்ணுக்கு ரோடு தெரிந்தால் மட்டும் முந்து.

இறக்கத்தில் இன்னொரு விசயம் இருக்கிறது, கார்க்காரர் பலருக்குத் தெரியாது. லோட் வண்டியைப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறக்கினால் சக்கரத்துப் பிரேக் டிரம் சூடாகி, மிதித்தாலும் பிடிக்காது. அதனால் ஏறுகிற கியரிலேயே இறங்குவோம், கூடவே எக்ஸோஸ்ட் பிரேக் போடுவோம், அது என்ஜின் புகை வெளியேறுவதை அடைத்து வண்டியை மெதுவாக்கும். அப்போது பல லொறிகளில் பின்னால் சிவப்பு லைட் எரியாது, புர்ர் என்று ஒரு சத்தம் மட்டும்தான் கேட்கும். லைட்டை நம்பி ஒட்டிக்கொண்டு வந்தால் நேராக எங்கள் பம்பருக்குள்தான். கண்ணாடியில் டிரைவர் முகம் உனக்குத் தெரியவில்லையா, அவனுக்கும் நீ தெரியமாட்டாய். கொஞ்சம் பின்வாங்கு.

முந்திப் போனதும் எங்கள் மூக்குக்கு முன்னால் பிரேக் அடிக்கிறார்களே, என்னைக் கேட்டால் பின்னால் ஒட்டி வருவதைவிட அதுதான் மோசம். பவுசர் தாங்கி பாதி நிரம்பியிருந்தால், பிரேக் பிடித்ததும் உள்ளே எண்ணெய் அலையடித்து வண்டியை முன்னுக்குத் தள்ளும்.

ரம்பொடை டீச்சர்:
அண்ணா சொன்னது சரி. எங்கள் பக்கத்து வளைவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவில் கன்டெய்னரின் தலை வெளிப்பக்கமாகப் போகும், பின் சக்கரம் உள்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். ஓரத்தில் இடம் கிடக்கிறதே என்று ஆட்டோவும் பைக்கும் நுழைவதைப் பார்த்தால் எனக்கே கை நடுங்கும், லொறி திரும்பி முடிக்கும்போது அந்த இடம் இருக்காது. வளைவுக்கு முன்பே நின்று அதை முழுதாக விட்டுவிடுங்கள்.

ஒடுக்கமான இடத்தில் இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்கு வழி விட வேண்டும், லோடோடு நின்ற லொறியை ஏற்றத்தில் மறுபடி எடுப்பது லேசான வேலையில்லை. பனிமூட்டத்தில் ஹை பீம் வேண்டாம், வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும்.

பண்டாரவளை பைக்:
எல்லாவற்றையும் சின்ன வண்டிக்காரன் தலையிலேயே கட்டுங்கள் 😀 பின் லைட் எரியாமல் இரவில் போகிற லொறிகளை என்ன செய்வது? ஏற்றத்தில் நின்றால் சக்கரத்துக்குக் கல் வைக்கிறார்கள், சரி, ஆனால் போகும்போது கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அப்புத்தளைப் பக்கம் இருட்டில் பைக்கில் வருகிறவனுக்கு அந்தக் கல் ஒன்றே போதும்.

அப்புறம், ரோட்டில் பச்சை மரக்கிளை கிடந்தால் காற்றில் விழுந்தது என்று நினைக்காதீர்கள், வளைவுக்கு அந்தப்பக்கம் ஏதாவது பழுதாகி நிற்கும்.

பழைய பவுசர்:
கல் விசயத்தில் நான் எதிர்த்துப் பேசமாட்டேன். கல்லை எடுக்கச் சொல்லித்தான் கிளீனர் பொடியன்களை வண்டியில் ஏற்ற வேண்டும், அதுவும் டிரைவர் சொன்னால்தான் எடுப்பார்கள்.

தலவாக்கலை ஆல்டோ:
எல்லோருக்கும் நன்றி. எக்ஸோஸ்ட் பிரேக் சமாச்சாரம் எனக்குத் தெரியவே தெரியாது. முன்னால் போகிற லொறியிலிருந்து எரிந்த மணம் வந்தால்? அல்லது கட்டுப்பாடு இல்லாத ஒன்று பின்னால் வந்தால்?

ரம்பொடை டீச்சர்:
மணம் வந்தால் பிரேக் சூடேறிவிட்டது. முந்திப் போய் அதற்கு முன்னால் மாட்டிக்கொள்ளாதீர்கள், ஓரமாக நிறுத்தி நல்ல தூரம் போக விடுங்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் இறங்கி வந்த பஸ் வானிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்களே, அந்த மாதிரி இறக்கங்களில் எதிரே வருகிறவருக்கு ஒதுங்கவும் இடமிருக்காது.

பழைய பவுசர்:
பின்னால் ஒருத்தன் லைட்டும் போட்டு ஹோர்னையும் விடாமல் அடித்துக்கொண்டு வந்தால் ரோசப்படாதே தம்பி, அவனுக்குப் பிரேக் இல்லாமல் இருக்கலாம். அகலமான இடம் கண்டதும் இடது பக்கம் ஒதுங்கி விட்டுவிடு. ஹோர்ன் அடிக்கிற பஸ்காரனுக்கும் அதேதான், அவன் போகட்டும். உன் ஆல்டோவையும் இறக்கத்தில் நியூட்ரலில் விடாதே, இரண்டாம் கியரில் இறக்கு.